கொல்லைக் கோழிகளுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

கோழிக்கூடு கட்ட முற்படும் குடியானவர் பெரும்பாலும் கேட்பது, "இக்கூட்டில் எத்தனை கோழி அடங்கும்?" என்பதேயாம். இதற்கு விடை கூறுதல் எளிது. 4 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள கூட்டில், கதவைத் தள்ளிச் சாத்தினால், 20 கோழிகளும் அடங்கிவிடும். ஆனால் அடங்குதல் வேறு, வாழ்தல் வேறு. கேட்கத்தக்க கேள்வி, "இக்கூட்டில் எத்தனை கோழி நோயின்றி வாழ்ந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பலன் தரும்?" என்பதாகும். அக்கேள்விக்கு விடை தருவதே இப்பாடத்தின் நோக்கம்.

இது சிறு விஷயமென்று எண்ணலாகாது. நம் கிராமங்களில் ஆடு மாடுகள் பெரும்பாலும் ஆண்மக்களின் பொறுப்பிலிருக்க, கோழி மட்டும் வீட்டுப் பெண்மக்களின் சொந்த உடைமையாயிருந்து வருகிறது. அவசரத்தில் மருந்து வாங்கவும், பிள்ளைகளின் புத்தகச் செலவுக்கும், விருந்தினர் வந்தவிடத்து உபசரிக்கவும் உதவுவது அதுவே. நிலமில்லாத ஏழைக் குடும்பத்திற்குக் கொல்லையிலுள்ள 6 கோழிகளே சேமிப்புப் பெட்டி. அப்பெட்டி ஒரே வாரத்தில் காலியாவதை நாம் பலமுறை காண்கிறோம். காலையில் கூட்டைத் திறக்கும்பொழுது 2 கோழி செத்துக் கிடக்கும். மறுநாள் 3 கோழி தலை தொங்கி நிற்கும். "காற்று பட்டது", "கண்ணேறு பட்டது" என்று வருந்துவர். மெய்க்காரணம் பல சமயங்களில் அக்கூட்டின் அளவிலேயே ஒளிந்திருக்கும்.

முன்னோர் முயற்சி

கோழி வளர்ப்பைக் கிராம முன்னேற்றத்தின் ஓர் அங்கமாகக் கொள்ளுதல் புதிய கருத்தன்று. அக்காலத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்ததும், 1956-ஆம் ஆண்டு முதல் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளதுமாகிய மார்த்தாண்டத்தில், 1920-களில் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் சார்பில் கிராமப் புனர்நிர்மாண நிலையம் ஒன்றை நடத்தி வந்தார். அங்கே நல்ல ஜாதிக் கோழிகளைப் பரப்பியதோடு நில்லாமல், முட்டைகளைத் தரம் பிரித்துக் கூட்டுறவு முறையில் விற்கவும் குடியானவர்களைப் பழக்கினர். அம்முயற்சி நமக்குப் புகட்டும் பாடம் ஒன்றுண்டு. உயர்ந்த ஜாதிக் கோழியை வாங்கிவிடுவதால் மட்டும் பலன் கிட்டாது. அதற்குரிய உறைவிடமும் உணவும் சுத்தமும் சேர்ந்தே பலனளிக்கும்.

நெருக்கத்தால் விளையும் கேடுகள்

இடக்குறைவு கோழியை நான்கு வழிகளில் கெடுக்கிறது.

முதலாவது, எச்சம். வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 150 கிராம் ஈர எச்சம் இடும். இதில் பெரும்பகுதி இராக்காலத்தில் கூட்டினுள்ளேயே விழுகிறது. ஈரமான எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா என்னும் காரமான வாயு, கோழியின் கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்படுத்துகிறது. இவ்வாறு புண்பட்ட உறுப்பில் சளி நோய்கள் எளிதில் பற்றும். அன்றியும், இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் எச்சத்தோடு வெளிப்பட்டவுடனே நோய் தரும் வல்லமை பெறுவதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஏறக்குறைய 2 நாளில் அவ்வல்லமையை அடைகிறது. நாள்தோறும் எச்சத்தை வாரியெறிய வேண்டுமென்று சொல்வதன் காரணம் இதுவே. கோழிகள் நெருங்கியிருக்கும் கூட்டில் எச்சம் உலர இடமில்லை. ஆகவே நோயும் குறைய வழியில்லை.

இரண்டாவது, வெப்பம். கோழியின் உடல் வெப்பம் ஏறக்குறைய 106 டிகிரி பாரன்ஹீட். அதற்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து மூச்சிரைத்தும், இறகுகளை உடலினின்று அகற்றியுமே அது வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும். நம் நாட்டுக் கோடையில் வெளிக்காற்றே 100 டிகிரியைத் தாண்டும். அந்நிலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் கோழிகள் ஒன்றையொன்று சுடுகின்றன. இறகை விரிக்கவும் இடமிராது. சித்திரை வைகாசி மாதங்களில் நோய்க்குறி ஏதுமின்றிக் கூட்டினுள் கோழி இறந்து கிடப்பது பலவிடங்களில் இதனாலேயே.

மூன்றாவது, சண்டை. கோழிக்கூட்டத்தில் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்கி நிற்பது என்னும் வரிசைக் கிரமம் ஒன்றுண்டு. 1920-களின் தொடக்கத்தில் நார்வே நாட்டு ஷெல்டரப்-எபே என்பவர் இதனை ஆராய்ந்து, கொத்துவரிசை என விளக்கினார். மேல்வரிசைக் கோழி கொத்த வரும்பொழுது கீழ்வரிசைக் கோழி விலகிச் செல்ல இடமிருக்குமாயின் சச்சரவு அத்துடன் முடியும். இடமில்லையேல், மெலிந்த கோழி மீண்டும் மீண்டும் கொத்துண்டு, இறகிழந்து, இரை கிடையாமல், முட்டையிடுவதை நிறுத்திவிடும். இரத்தம் கண்டவிடத்து மற்றவையும் சேர்ந்து கொத்திக் கொல்வதும் உண்டு.

நான்காவது, பூச்சி. கோழி உண்ணி பகலில் கூட்டின் விரிசல்களில் ஒளிந்திருந்து, இரவில் வெளிவந்து இரத்தம் உறிஞ்சும். இரையின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கும். நெருக்கமான, இருண்ட, ஒழுங்காய்த் துடைக்க முடியாத கூடு அதற்கு அரண்மனை போன்றது.

மூவகை இடம்

கோழிக்கு வேண்டிய இடத்தைக் கணக்கிடுவோர் மூன்றையும் தனித்தனியே எண்ண வேண்டும். இரவில் உறங்கும் இடம், பகலில் நிழலுக்கும் மழைக்கும் ஒதுங்கும் இடம், காலாற மேயும் இடம் என்பன அவை. இவற்றை ஒன்றாகக் குழப்புவதாலேயே பலர் தவறுகின்றனர்.

காலை முதல் மாலை வரை கொல்லையிலும் களத்திலும் திரிந்து, இரவில் மட்டும் அடைபடும் நாட்டுக்கோழிக்குத் தலைக்கு ஒன்றரை சதுர அடித் தரை போதும். பருத்த உடலுள்ள அசீல், வனராஜா போன்றவற்றிற்கு 2 சதுர அடி தருதல் சிலாக்கியம்.

பக்கத்து வயலில் விதைப்பு நடப்பதாலோ, அண்டை வீட்டாரின் ஆட்சேபத்தாலோ, தொடர்மழையாலோ கோழியைப் பகலிலும் அடைத்து வைக்க நேருமாயின் கணக்கு மாறும். அப்பொழுது கூரையின் கீழ்த் தலைக்கு 3 முதல் 4 சதுர அடியும், அதனை அடுத்துக் கம்பிவலை கட்டிய திறந்த முற்றத்தில் 10 சதுர அடியும் வேண்டும். 10 சதுர அடி முற்றத்தில் புல் நில்லாது. சில வாரங்களில் தரை வெறுமையாகும். ஆதலால் இடமிருப்பவர் முற்றத்தை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் கோழி மேய மற்றொன்றை ஓய்வாக விட்டு, கீரை விதைத்து, மாற்றி மாற்றி உபயோகித்தல் நன்று. தரையும் தூய்மையுறும்; கோழிக்குப் பச்சிலையும் கிடைக்கும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். நாமக்கல் வட்டாரத்துப் பெரும்பண்ணைகளில் கூண்டுக்கோழிக்கு நெடுங்காலமாகத் தலைக்கு 450 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய அரை சதுர அடியே, கொடுத்து வந்தார்களே. நமக்கு மட்டும் ஏன் இவ்வளவு? அப்பண்ணைகளில் எச்சம் கம்பி வழியே கீழே விழுந்துவிடுகிறது, தீனி அளந்து கொடுக்கப்படுகிறது, தடுப்பூசி தவறுவதில்லை, குஞ்சு பொரிக்கும் வேலையும் அக்கோழிக்கு இல்லை. அங்ஙனமிருந்தும் அவ்விடம் கோழிக்குப் போதாதென்னும் கருத்து வலுப்பெற்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 ஜனவரி முதல் தேதி முதல் வெறுங்கூண்டு முறை விலக்கப்பட்டது. வசதிகள் சேர்த்த கூண்டிலும் தலைக்கு 750 சதுர சென்டிமீட்டருக்குக் குறையலாகாதென்பது அங்குள்ள விதி. அவ்வசதிகளில் ஒன்றுமில்லாத நமது கொல்லைக் கூட்டிற்கு அந்தக் கூண்டின் கணக்கு பொருந்தாது.

உறங்கு கழியும் முட்டைப் பெட்டியும்

தரையை அளந்துவிட்டால் வேலை முடிந்ததன்று. கோழி தரையில் உறங்கும் பட்சியன்று. உயரத்தில் கழியைப் பற்றி உறங்குவதே அதன் இயற்கை. ஆதலின் கூட்டினுள் 2 அங்குலக் கனமுள்ள, முனை மழுக்கிய கழிகளைத் தரையினின்று ஒன்றரை முதல் 2 அடி உயரத்தில் அமைக்க வேண்டும். நாட்டுக்கோழிக்குத் தலைக்கு 8 அங்குலமும், பெரிய ஜாதிக்கு 10 அங்குலமும் கழி நீளம் விடவேண்டும். கழிகளெல்லாம் ஒரே மட்டத்தில் இருத்தல் அவசியம். ஒன்று உயரமாயின் எல்லாக் கோழிகளும் அதற்கே போட்டியிட்டுச் சண்டையிடும். கழிக்கும் சுவருக்கும் இடையிலும், கழிக்கும் கழிக்கும் இடையிலும் ஓரடி விடுதல் நலம்.

முட்டையிட 4 அல்லது 5 பெட்டைகளுக்கு ஒரு பெட்டி போதும். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள பழைய பெட்டியோ மண்பானையோ வைக்கோலிட்டு உபயோகிக்கலாம். அது சற்றே இருண்ட மூலையில், உறங்கு கழியைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். உயரமாயிருப்பின் கோழிகள் அதிலேயே உறங்கி அசுத்தம் செய்துவிடும்.

தீனித் தொட்டியின் ஓரத்தில் தலைக்கு 4 அங்குலம் கிடைக்குமாறு செய்க. 2 அடித் தொட்டியின் இருபுறமும் நின்று தின்ன இடமிருப்பின் 12 கோழிகளுக்குப் போதும். கோழி ஒன்று நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு நீர் குடிக்கும். கோடையில் இன்னும் மிகுதியாகக் குடிக்கும். நிழலில் வைத்த மண்சட்டியே இதற்குச் சிறந்தது.

ஒரு வீட்டின் கணக்கு

உதாரணமாக, ஒரு வீட்டில் 6 பெட்டையும் 1 சேவலுமாக 7 நாட்டுக்கோழிகள் உள்ளனவென்று கொள்வோம். அவை பகலெல்லாம் வெளியில் மேய்கின்றன. 7 கோழிக்கு ஒன்றரை வீதம் பத்தரை சதுர அடி வேண்டும். 4 அடி நீளமும் 3 அடி அகலமுமாகக் கூடு கட்டினால் 12 சதுர அடி கிடைக்கிறது. உறங்கு கழி 7 கோழிக்கு 56 அங்குலம் வேண்டும். 4 அடிக் கழி இரண்டு வைத்தால் 96 அங்குலமாகிறது. எல்லாம் சரியாயிருப்பதாகவே தோன்றும்.

ஆனால் கோழி பெருகும் செல்வம் என்பதை இக்கணக்கு மறந்துவிட்டது. 2 பெட்டைகள் அடைகாக்கின்றன. 21 நாளில் குஞ்சுகள் பொரிகின்றன. பருந்துக்கும் காக்கைக்கும் கீரிக்கும் போனவை போக 12 குஞ்சுகள் மிஞ்சுகின்றன. முதல் 4 வாரம் குஞ்சுக்குத் தலைக்கு அரை சதுர அடி போதுமாதலால் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்க்கலாம். 3 அடி விட்டமுள்ள பஞ்சாரத்தின் உட்பரப்பு ஏறக்குறைய 7 சதுர அடி. ஒரு தாயும் 6 அல்லது 7 குஞ்சும் அதில் நலமாயிருக்கும். 2 அடி விட்டமாயின் உட்பரப்பு 3 சதுர அடிக்குச் சற்றே மேல். அது தாய்க்கும் 3 குஞ்சுக்குமே சரியாகும்.

எட்டாவது வாரத்தில் அக்குஞ்சுகளுக்குத் தலைக்கு ஒரு சதுர அடி தேவைப்படும். பஞ்சாரம் போதாமல், இனி அவற்றையும் பெரிய கூட்டிலேயே அடைக்கின்றனர். இப்பொழுது கூட்டிலிருப்பவை 19 உயிர்கள். வேண்டிய இடம் பத்தரையும் பன்னிரண்டும் சேர்ந்து இருபத்திரண்டரை சதுர அடி. இருப்பதோ 12. கூட்டை யாரும் சிறிதாக்கவில்லை. ஆயினும் மூன்றே மாதத்தில் அது பாதியாய்விட்டது. நோய் வந்து மடிவதும் பெரும்பாலும் இச்சமயத்திலேயாம். குஞ்சுகளெல்லாம் தேறி, விற்கலாமென்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையில் தாய்க்கோழிகளையும் சேர்த்து இழக்கின்றனர்.

ஆகவே கூடு கட்டுமுன் இன்று உள்ள கோழியை எண்ணாமல், மூன்று மாதத்திற்குப்பின் இருக்கப்போகும் கோழியை எண்ண வேண்டும். மேற்கூறிய வீட்டார் முதலிலேயே 6 அடிக்கு 4 அடியாகக் கட்டியிருப்பின் 24 சதுர அடி கிடைத்து, 19 உயிர்க்கும் இடமிருந்திருக்கும். அதற்கு வசதியில்லையேல் வேறொரு வழியுண்டு. குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவலாகவே இருக்கும். 8 அல்லது 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிகுதியான சேவல்களை இளமையிலேயே விற்றுவிட வேண்டும். "இன்னும் ஒரு மாதம் போனால் எடை கூடுமே" என்று வைத்திருப்பவர், அந்த ஒரு மாத எடைக்காகக் கூட்டம் முழுவதையும் பணயம் வைக்கின்றார். இதனைக் கேட்பது ஏழைக் குடும்பத்திற்கு வருத்தமாகவே இருக்கும். ஆயினும் 7 கோழி உயிரோடிருப்பது 19 கோழி ஒருங்கே சாவதைவிட மேலானது.

கூடு கட்டும் முறை

கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும்; காலை மாலை வெயில் குறுகிய பக்கங்களிலேயே படும். தரையினின்று 2 அடி உயர்த்தி, கால்களை நீர் நிறைந்த சட்டிகளில் நிறுத்தினால் எறும்பு ஏறாது, ஈரமும் தாக்காது. கூரைக்குத் தென்னங்கீற்றோ பனையோலையோ ஏற்றது. தகரம் வேயின் மேலே கீற்று பரப்புக. இறவாரம் நன்கு நீண்டிருத்தல் வேண்டும், சாரல் உட்புகாமைக்காக.

நீண்ட பக்கங்கள் இரண்டிலும் கீழே ஓரடி மட்டும் அடைத்து, மேலெல்லாம் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிக்க வேண்டும். மூங்கிற் பிளாச்சு உபயோகிப்பவர், கீரியும் வெருகும் பெருச்சாளியும் நுழையாதவாறு நெருக்கி வரிக. திருட்டுக்கும் பாம்புக்கும் அஞ்சி நாற்புறமும் மண்ணால் அடைத்து ஒரு சிறு துளை மட்டும் விடும் வழக்கம் பலவிடங்களில் உண்டு. அச்சம் நியாயமானதே, ஆனால் காற்றில்லாக் கூட்டில் இடம் எவ்வளவு இருப்பினும் பயனில்லை. வலுவான வலையும் நல்ல தாழ்ப்பாளுமே அதற்குப் பரிகாரம்.

சுவரின் விரிசல்களைப் பூசி, ஆண்டுக்கு இருமுறையேனும் சுண்ணாம்படிக்க வேண்டும். நாள்தோறும் வாரிய எச்சத்தை எருக்குழியில் சேர்த்து மக்கவிட்டால் தோட்டத்திற்கு மிக உயர்ந்த உரமாகும். புதிய எச்சத்தை நேரே செடிக்கு இடலாகாது, வேர் கருகும்.

இரவுப் பரிசோதனை

கூடு போதுமா என்பதைப் பகலில் அறிய இயலாது. கோழிகள் அடைந்து ஒரு நாழிகை கழித்து விளக்கோடு சென்று பார்க்க வேண்டும். எல்லாக் கோழியும் கழியில் அமர்ந்துள்ளனவா, அல்லது சில தரையில் எச்சத்தின்மீது கிடக்கின்றனவா? வாய் திறந்து இரைக்கின்றனவா? முகத்தைக் கூட்டினுள் நீட்டினால் கண் எரிகிறதா? மூச்சில் கரகரவென்னும் ஒலி கேட்கிறதா? இவற்றுள் ஒன்று காணப்படினும் கூடு நெருக்கமென்று அறிக. கண்ணெரிச்சல் நமக்கு ஒரு நிமிஷம். கோழிக்கோ இரவு முழுவதும்.

இடம் மட்டும் போதுமா?

இடம் விசாலமாயிருப்பின் எந்நோயும் வாராதென்று எண்ணிவிடலாகாது. கொல்லைக் கோழிகளைக் கூண்டோடு மாய்க்கும் வெள்ளைக் கழிச்சல், 1920-களின் பிற்பகுதியில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிகேத்தில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயராலேயே வழங்கப்படுகிறது. அது வைரஸால் வருவது. வந்தபின் தீர்க்கும் மருந்தில்லை. தடுப்பு மருந்தே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்தும், 8 வாரமானபின் தடுப்பூசியும் அளிப்பது வழக்கம். இதனைக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்து, கோழிகள் நலமாயிருக்கும்பொழுதே செய்துகொள்ள வேண்டும். சந்தையிலிருந்து வாங்கிவந்த கோழியை 2 வாரமேனும் தனியே வைத்துப் பார்த்தபின்னரே கூட்டத்தில் சேர்க்க வேண்டும். இதற்கென ஒரு பஞ்சாரம் தனியே இருக்கட்டும்.

நினைவிற்கொள்ளும் அளவுகள்

இரவில் மட்டும் அடையும் நாட்டுக்கோழி: தலைக்கு ஒன்றரை சதுர அடி, பெரிய ஜாதி 2 சதுர அடி.
பகலிலும் அடைபடும் கோழி: கூரையின் கீழ் 3 முதல் 4 சதுர அடி, முற்றம் 10 சதுர அடி.
குஞ்சு: 4 வாரம் வரை அரை சதுர அடி, 8 வாரத்தில் ஒரு சதுர அடி.
உறங்கு கழி: தலைக்கு 8 முதல் 10 அங்குலம்.
முட்டைப் பெட்டி: 4 அல்லது 5 பெட்டைக்கு ஒன்று.
தீனித் தொட்டி: தலைக்கு 4 அங்குலம்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுக் கூட்டின் நீள அகலங்களை அளந்து, இரவில் எத்தனை நாட்டுக்கோழி தங்கலாமெனக் கணக்கிடுக.
2. 5 அடி நீளமும் 3 அடி அகலமுமுள்ள கூட்டில் 6 கோழிகள் உள்ளன. 8 வாரக் குஞ்சுகள் எத்தனையை அதில் சேர்க்கலாம்?
3. உங்கள் கூட்டை இன்றிரவு விளக்கோடு பார்த்து, கண்டவற்றைக் குறித்து வைக்க.

இரண்டாம் கணக்கிற்கு விடை 6 குஞ்சு. ஏழாவதைச் சேர்க்க விரும்புவோர், கூட்டை நீட்டவேண்டும். அல்லது சந்தைக்கு ஒன்றைக் கொண்டுசெல்ல வேண்டும். மூன்றாவது வழி ஒன்றில்லை. இதனை வீட்டிலுள்ள தாய்மார்களுக்கு எடுத்துரைப்பதும், அளவுகோலைக் கையிற்கொண்டு கூட்டினருகில் செல்வதும் இதனைப் படிப்பவர் ஒவ்வொருவருடைய கடமையாகும்.